முன்னிலை: எதிரே இருப்பதைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் ஏழெட்டுப் பேர் மாதம் ஒருமுறை கூடித் தத்துவ நூல்கள் வாசிக்கிறோம். ஜெர்மனி, பிரான்ஸ் பக்கத்துச் சிந்தனையாளர்களை எடுத்தால் இரண்டாவது பக்கத்துக்குள் ஒரு சொல் வந்துவிடும்: 'பிரசன்ஸ்'. புதிதாக வருகிறவர்கள் அங்கேதான் நிறுத்திக் கேட்பார்கள். அப்படித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு இன்று நான் சொல்லும் பதில்கள் இவை. சிலவற்றுக்கு நீளமாகச் சொல்லியிருக்கிறேன், ஏனென்றால் அங்கே சொல்ல நிறைய இருக்கிறது.

இந்தச் சொல்லுக்குத் தமிழில் என்ன?

லத்தீனில் 'பிரே' என்றால் முன், 'எஸ்ஸே' என்றால் இருத்தல். இரண்டும் சேர்ந்து முன்னால் இருத்தல். அதிலிருந்துதான் ஆங்கிலச் சொல்லும் பிரெஞ்சுச் சொல்லும் வந்தன. தமிழில் இருப்பு, பிரசன்னம், சந்நிதி, உடனிருப்பு என்று ஆளுக்கொன்றாக எழுதுகிறார்கள். 'பிரசன்னம்' தேவாலயத்து வாசனையும் 'சந்நிதி' கோயில் வாசனையும் கொண்டவை. அதில் தவறில்லை, சில இடங்களில் அவைதான் பொருந்தும். பொதுவாக நான் எடுத்துக்கொள்வது 'முன்னிலை'.

காரணம் இரண்டு. முன் + நிலை என்று பிரித்தால் லத்தீன் சொல்லின் அமைப்பே கிடைக்கிறது. அடுத்தது, நம் இலக்கணத்தில் தன்மை, முன்னிலை, படர்க்கை என்று மூன்று இடங்கள் உண்டு. 'நீ', 'நீங்கள்' என்று யாரை அழைத்துப் பேசுகிறோமோ அவர் முன்னிலை. எதிரே இருப்பது என்ற கருத்தும், என்னோடு பேச்சில் இருப்பவர் என்ற கருத்தும் ஒரே சொல்லில் கூடியிருக்கின்றன. இந்தக் கூட்டு எவ்வளவு தூரம் உதவும் என்பதைப் பின்னால் லெவினாஸ் என்ற சிந்தனையாளர் வரும் இடத்தில் பார்க்கலாம்.

கூட்ட அழைப்பிதழ்களில் 'தலைமை', 'வரவேற்புரை', 'சிறப்புரை' என்ற வரிசையில் 'முன்னிலை' என்று ஒருவர் பெயர் இருக்கும். அவர் பெரும்பாலும் பேசமாட்டார். மேடையில் இருப்பார், அவ்வளவுதான். ஆனால் அவர் வராவிட்டால் அது பெரிய விஷயமாகிவிடும். ஒருவர் எதுவும் சொல்லாமல், எதுவும் செய்யாமல், வெறுமனே அங்கே இருப்பதில் என்ன நடக்கிறது? இந்தத் தத்துவக் கேள்விக்கு உள்ளே நுழைய எனக்குத் தெரிந்த நல்ல வாசல் அதுதான்.

ஒரு பொருள் கண்முன் இருக்கிறது என்றால் இருக்கிறது. இதில் தத்துவத்துக்கு என்ன வேலை?

'இருக்கிறது' என்ற அந்தச் சொல்தான் வேலை. ஜெர்மன் சிந்தனையாளர் மார்ட்டின் ஹைடெக்கர் 1927இல் வெளியிட்ட 'இருப்பும் காலமும்' நூலின் தொடக்கத்தில் ஒரு விஷயத்தைச் சுட்டிக்காட்டுகிறார். பழைய கிரேக்கர்கள் உள்ளதை 'ஊசியா' என்றார்கள். அதை அவர்கள் புரிந்துகொண்டது 'எதிரே வந்து நிற்பது' என்ற பொருளில். அதாவது, எது இப்போது என் முன்னால் நிலையாக நிற்கிறதோ அதுதான் உண்மையில் உள்ளது. அப்படியென்றால் நிகழ்காலம் என்ற ஒற்றைக் காலத்தை வைத்தே 'இருத்தல்' முழுவதையும் அளந்திருக்கிறார்கள். யாரும் முடிவெடுத்து அளக்கவில்லை. அளந்ததே தெரியாமல் இரண்டாயிரத்துச் சொச்சம் ஆண்டுகள் போய்விட்டன என்பது ஹைடெக்கரின் வாதம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. 'ஊசியா' என்பது தத்துவச் சொல்லாக ஆவதற்கு முன் கிரேக்கத்தில் சாதாரணப் புழக்கத்தில் இருந்த சொல். சொத்து, நிலபுலம், வீட்டு உடைமை என்று பொருள். 'முன்னிலை'க்கு ஹைடெக்கர் பயன்படுத்தும் ஜெர்மன் சொல் 'அன்வேசென்ஹைட்'. அதன் அடியான 'அன்வேசென்' இன்றும் ஜெர்மனில் வீடும் நிலமும் சேர்ந்த பண்ணையைக் குறிக்கும். இப்போது தமிழைப் பாருங்கள். கடையில் 'இருப்பு' என்றால் சரக்கு. வங்கியில் 'இருப்பு' என்றால் கணக்கில் உள்ள பணம். 'கையிருப்பு எவ்வளவு?' என்கிறோம். தத்துவத்தில் அதே 'இருப்பு' உளதாந்தன்மை. வெவ்வேறான மூன்று மொழிகள் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. உள்ளது என்றால் கைவசம் உள்ளது, எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளத் தயாராக உள்ளது.

ஹைடெக்கர் கேள்வி கேட்பது இந்தக் 'கைவச' மனநிலையைத்தான். அவருடைய சுத்தியல் உதாரணம் பலருக்குத் தெரிந்திருக்கும். தச்சர் ஆணி அடிக்கும்போது சுத்தியலைப் பார்ப்பதில்லை. அது அவர் கையோடு, வேலையோடு கலந்து மறைந்திருக்கிறது. கைப்பிடி கழன்று விழுந்தால்தான் 'இது ஒரு பொருள், இதற்கு எடை இருக்கிறது, மரம் இருக்கிறது' என்று அது கண்முன் வந்து நிற்கும். முன்னால் வந்து நிற்பது முதல் நிலை கிடையாது. அதற்கு முன்பே பொருள்களோடு நமக்கு வேறொரு உறவு இருக்கிறது, அது பார்வைக்கு அகப்படாமல் நடக்கிறது.

'இப்போது' என்பது எவ்வளவு நேரம்?

தத்துவச் சிந்தனையாளர் எட்மண்ட் ஹூசர்ல் 1905 வாக்கில் ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் நடத்திய விரிவுரைகள் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் அமைந்தன. அவருடைய உதாரணம் ஒரு மெட்டு. ஒரு மெட்டில் ஐந்து சுரங்கள் வருகின்றன என்று வையுங்கள். மூன்றாவது சுரம் ஒலிக்கும் கணத்தில் முதலிரண்டும் ஒலிக்கவில்லை. அவை முழுக்கப் போய்விட்டிருந்தால் மூன்றாவது தனிச் சத்தமாகத்தான் கேட்கும், மெட்டாகக் கேட்காது. எல்லாம் அப்படியே நின்றுவிட்டிருந்தால் ஒரே இரைச்சல். ஆகவே போன சுரம் 'போனதாகவே' இன்னும் பிடித்துவைக்கப்பட்டிருக்கிறது. வரப்போவது 'வரப்போவதாகவே' எதிர்நோக்கப்படுகிறது. பாடகர் சுரம் தப்பினால் உடனே முகம் சுளிக்கிறோமே, வரவேண்டியதை நாம் ஏற்கெனவே எதிர்பார்த்திருந்ததால்தான். ஹூசர்ல் இதை வால்நட்சத்திரத்தின் வாலோடு ஒப்பிடுகிறார். தலை ஒன்று, பின்னால் நீளும் வால் ஒன்று, இரண்டும் சேர்ந்துதான் 'இப்போது'.

எனவே கடிகாரம் காட்டும் புள்ளிபோல ஒரு 'இப்போது' அனுபவத்தில் கிடையாது. இந்த விரிவுரைகள் 1928இல் அச்சானபோது பதிப்பாசிரியராக ஹைடெக்கர் பெயர் இருந்தது. கையெழுத்துப் பிரதிகளைச் சேர்த்து ஒழுங்குபடுத்தும் கடினமான வேலையைச் செய்தவர் எடித் ஸ்டைன். யூதராகப் பிறந்து கத்தோலிக்கத் துறவியான அவர் 1942இல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். இந்த நூலைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவர் பெயரையும் சொல்லிவிட வேண்டும் என்பது என் பிடிவாதம்.

முன்னிலை என்ற ஒன்றே இல்லை என்று பிரெஞ்சுச் சிந்தனையாளர் தெரிதா சொல்கிறாரா?

இல்லை. இதுதான் மிக அதிகமாகப் பரவிய தவறான புரிதல்.

அப்படியானால் அவர் எதைத்தான் எதிர்க்கிறார்?

கலப்பில்லாத, முழுமையான, தன்னிலேயே நிறைந்த முன்னிலை ஒன்று எங்கோ இருக்கிறது, மற்றதெல்லாம் அதன் நகல் என்ற நம்பிக்கையை. ஐரோப்பிய மெய்யியல் மரபின் அடித்தளமே அந்த நம்பிக்கைதான் என்கிறார் அவர்.

ழாக் தெரிதா 1930இல் அல்ஜியர்ஸ் நகரை ஒட்டிய எல்-பியாரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். 1942இல், நாஜிகளோடு ஒத்துழைத்த பிரான்ஸின் விஷி அரசு கொண்டுவந்த யூத விரோதச் சட்டங்களின்படி, பன்னிரண்டு வயதில் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டார். 1967இல் ஒரே ஆண்டில் மூன்று நூல்கள் வெளியிட்டார். அவற்றில் மிகச் சிறியது 'குரலும் தோற்றப்பாடும்'. முழுக்க ஹூசர்லைப் பற்றியது. என்னைக் கேட்டால் மூன்றிலும் கூர்மையானது அதுதான்.

ஹூசர்லிடம் தெரிதா ஒரு முரண்பாட்டைக் கண்டுபிடிக்கிறார். நான் எனக்குள்ளேயே பேசிக்கொள்ளும்போது குறிகள் தேவைப்படுவதில்லை, ஏனென்றால் என் எண்ணம் எனக்கு அதே கணத்திலேயே முன்னிலையாகிவிடுகிறது என்று ஹூசர்ல் ஓரிடத்தில் எழுதியிருக்கிறார். மற்றோர் இடத்தில், அந்தக் கணம் என்பதே போன கணத்தைப் பிடித்துவைத்துக்கொண்டுதான் நிற்கிறது என்று மெட்டு உதாரணத்தால் நிரூபித்தவரும் அவரே. அப்படியானால் 'அதே கணம்' என்ற ஒன்று எங்கே? கணத்துக்குள்ளேயே கணம் அல்லாதது இருக்கிறது. எனக்கு நான் முன்னிலையாவதற்குள்ளேயே ஓர் இடைவெளி விழுந்துவிட்டது. வெளியிலிருந்து ஒரு வாதத்தைக் கொண்டுவந்து தெரிதா ஹூசர்லை மோதவில்லை. ஹூசர்லின் ஒரு கையைப் பிடித்து இன்னொரு கையின்மேல் வைக்கிறார், அவ்வளவுதான்.

அந்த நூலில் இன்னொரு வாதம் உண்டு. 'நான் இருக்கிறேன்' என்ற வாக்கியம் புரிவதற்கு, அதைச் சொன்னவர் உயிரோடிருக்க வேண்டிய அவசியமில்லை. இறந்தவரின் நாட்குறிப்பில் படித்தாலும் அது புரியத்தான் செய்கிறது. சொன்னவர் இல்லாமலும் இயங்கக்கூடியதாக இருப்பதால்தான் அது மொழி. இதை எங்கள் கூட்டத்தில் விளக்க நான் பள்ளிக்கூடத்துக்குப் போவேன். ஆசிரியர் பெயர் கூப்பிடுகிறார், 'உள்ளேன் ஐயா' என்று பதில் வருகிறது. முன்னிலையைச் சொல்ல அதைவிட நேரான வாக்கியம் கிடையாது. ஆனால் கல்லூரிக்குப் போனதும் என்ன நடக்கிறது? வராத நண்பனுக்காக இன்னொருவன் குரலை மாற்றி 'உள்ளேன் ஐயா' என்கிறான். வருகைப் பதிவேட்டில் நண்பன் வந்துவிட்டான். அந்த வாக்கியத்தை இன்னொரு வாய் சொல்ல முடிகிறது என்பது அதன் விபத்து இல்லை. எந்த வாயும் எப்போதும் திரும்பச் சொல்லத்தக்கதாக இருப்பதால்தான் அது முதல் முறையே ஆசிரியருக்குப் புரிந்தது.

தெரிதா ஒரு சொல்லில் எழுத்தை மாற்றிப் போட்ட விவகாரம் என்ன?

1968 ஜனவரி 27 அன்று பிரெஞ்சுத் தத்துவக் கழகத்தில் தெரிதா ஓர் உரை நிகழ்த்தினார். 'வேறுபாடு' என்ற பிரெஞ்சுச் சொல்லில் 'e' வரவேண்டிய இடத்தில் 'a' எழுத்தைப் போட்டுப் புதுச் சொல் ஒன்றை உருவாக்கினார். காதால் கேட்டால் இரண்டும் ஒன்றுதான். 'திஃபெரான்ஸ்', 'திஃபெரான்ஸ்'. கண்ணால் பார்த்தால்தான் வித்தியாசம். அந்தச் சொல்லின் வினையடிக்குப் பிரெஞ்சில் இரண்டு பொருள்: வேறுபடுதல், தள்ளிப்போடுதல். ஒரு சொல்லின் பொருள் மற்றச் சொற்களிலிருந்து வேறுபடுவதால் கிடைக்கிறது. அந்த மற்றச் சொற்கள் இப்போது இங்கே இல்லை. எனவே பொருள் முழுமையாக முன்னிலையாவது எப்போதும் ஒரு படி தள்ளிப்போகிறது.

இதைத் தமிழில் உணர மொழிபெயர்ப்பே தேவையில்லை. 'அறம்', 'அரம்'. பலருடைய பேச்சில் இன்று இரண்டும் ஒரே ஒலி. சந்தேகம் வந்தால் என்ன கேட்கிறோம்? 'சின்ன ர-வா, பெரிய ற-வா?' பேச்சில் எழுந்த சந்தேகத்தைத் தீர்க்க எழுத்தைக் கூப்பிடுகிறோம். எழுத்து பேச்சின் வெறும் நிழல் என்றால் அது எப்படி முடியும்? தெரிதா பிரெஞ்சில் ஓர் எழுத்தை மாற்றிப் போட்டுக் காட்ட வேண்டியிருந்ததை நம் குழந்தைகள் ஒவ்வொரு டிக்டேஷனிலும் சந்திக்கிறார்கள்.

அப்போது பேச்சைவிட எழுத்து உயர்ந்தது என்கிறாரா?

அதுவும் இல்லை. மரபு ஏன் எழுத்தைக் கண்டு பயந்தது என்று கேட்கிறார்.

பிளேட்டோவின் 'பைத்ரஸ்' உரையாடலில் ஒரு கதை வருகிறது. எகிப்தில் தூத் என்ற தெய்வம் எழுத்தைக் கண்டுபிடித்து, தாமுஸ் மன்னனிடம் கொண்டுவந்து, 'இது நினைவுக்கு மருந்து' என்கிறது. மன்னன் மறுக்கிறான். இது மறதியைத்தான் வளர்க்கும் என்கிறான். சாக்ரடீஸ் மேலும் சொல்கிறார்: எழுதப்பட்ட சொல்லிடம் கேள்வி கேட்டால் அது மௌனமாக நிற்கும், யாராவது திட்டினால் காப்பாற்ற அதன் தகப்பன் பக்கத்தில் இருக்கமாட்டான். பேச்சில் தகப்பன் கூடவே நிற்கிறான், எழுத்து அநாதை. இதுதான் அச்சம்.

மருந்து என்று நான் எழுதிய இடத்தில் கிரேக்க மூலத்தில் 'ஃபார்மகான்' என்று இருக்கிறது. மருந்து, நஞ்சு இரண்டுக்கும் அதே சொல். பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளர்கள் ஓரிடத்தில் 'தீர்வு' என்றும் இன்னோரிடத்தில் 'விஷம்' என்றும் பிரித்துப் போட்டதால் பிளேட்டோவின் தடுமாற்றமே மறைந்துவிட்டது என்று தெரிதா ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். தமிழ் வாசகருக்கு அந்தச் சிக்கலே வராது. காய்ச்சலுக்கு மருந்து, எலிக்கும் மருந்து, பூச்சிக்கும் மருந்து. 'யாரோ மருந்து வைத்துவிட்டார்கள்' என்றால் என்ன என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். பிளேட்டோவை நேராகத் தமிழுக்குக் கொண்டுவருபவர் 'மருந்து' என்றே கடைசிவரை வைத்துக்கொள்ளலாம். இப்படி ஒரு மொழி கையில் இருக்கும்போது இந்தச் சிந்தனைகளைத் தமிழில் பேச முடியாது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

'பிரதிக்கு வெளியே எதுவும் இல்லை' என்றாரே, அது உலகத்தையே மறுப்பதாகாதா?

அந்த வாக்கியம் 1967இல் வந்த 'கிராமட்டாலஜி' நூலில் ரூஸோவைப் பற்றிய பகுதியில் வருகிறது. புத்தகம் மட்டும்தான் உண்மை, மேசையும் பசியும் பொய் என்பது அதன் பொருள் இல்லை. எதை வெளியே போய்ப் பிடித்தாலும் அதுவும் வேறொன்றோடு தொடர்புபட்டு, சூழலுக்குள் இருந்துகொண்டுதான் நமக்குக் கிடைக்கும். சூழலுக்கு வெளியே நிற்கும் சுத்தப் பொருளை யாரும் தொட்டதில்லை. அவ்வளவே.

இங்கே இல்லாதவரை 'இருக்கிறார்' என்று உணர்கிறோமே, அதற்கு இவர்கள் என்ன சொல்கிறார்கள்?

இங்கேதான் இந்தத் தத்துவம் வாழ்க்கைக்கு மிகப் பக்கத்தில் வருகிறது.

பிரெஞ்சுச் சிந்தனையாளர் ழான்-பால் சார்த்தர் 1943இல் எழுதிய 'இருத்தலும் இன்மையும்' நூலில் ஒரு காபிக்கடைக் காட்சி உண்டு. நாலு மணிக்கு பியரைச் சந்திப்பதாக ஏற்பாடு. சார்த்தர் கால் மணி நேரம் தாமதமாகப் போகிறார். பியர் இருக்கிறாரா என்று கடை முழுக்கக் கண்ணால் துழாவுகிறார். மேசைகள், முகங்கள், புகை எல்லாம் பின்னணியாகப் பின்வாங்குகின்றன, பியர் தோன்ற வேண்டும் என்பதற்காக. பியர் இல்லை. அந்த 'இல்லை' கடை முழுக்க நிறைந்திருக்கிறது. அந்தக் கடையில் வெலிங்டன் பிரபுவும் இல்லைதான். ஆனால் அந்த 'இல்லை' யாரையும் எதுவும் செய்யாது. எதிர்பார்க்கப்பட்டவரின் இன்மைக்கு மட்டும்தான் அந்த எடை உண்டு.

பிரெஞ்சு இலக்கிய விமர்சகர் ரோலன் பார்த்தின் தாய் 1977இல் இறந்தார். பழைய படங்களைப் புரட்டிப் புரட்டி அவர் தன் தாயைத் தேடுகிறார். எந்தப் படத்திலும் 'அவள்' கிடைக்கவில்லை. கடைசியில், அம்மா ஐந்து வயதுச் சிறுமியாகக் கண்ணாடிக் குளிர்காலத் தோட்டத்தில் நிற்கும் ஒரு படத்தில் கிடைத்துவிடுகிறார். 1980இல் அவர் இதை எழுதிய நூலில் பல படங்கள் உண்டு, அந்த ஒரு படம் மட்டும் இல்லை. மற்றவர்களுக்கு அது வெறும் பழைய படமாகத்தான் இருக்கும் என்று காரணம் சொல்கிறார். ஒளிப்படம் சொல்வது 'இது இருந்தது' என்பதை மட்டுமே என்பது அவர் முடிவு. படத்தில் இருப்பவர் முன்னிலைதான், ஆனால் இறந்தகாலத்தில் முன்னிலை.

தெரிதா 1993இல் 'மார்க்ஸின் ஆவிகள்' எழுதியபோது இதற்கு ஒரு பெயரே வைத்தார். இருப்பியலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லும், 'பேயாக வந்து அலைதல்' என்பதிலிருந்து அவர் செய்த புதுச் சொல்லும் ஒரே மாதிரி ஒலிக்கும். ஆவி இருக்கிறதா இல்லையா? உயிரா பிணமா? அது வருகிறது, அதுவும் முதல் முறையே திரும்பி வருவதாகத்தான் வருகிறது. இறந்தவர்களுக்கும் இன்னும் பிறக்காதவர்களுக்கும் நாம் பட்டிருக்கும் கடமையைப் பேச, 'இப்போது இங்கே இருப்பவை' என்ற கணக்கு போதாது என்று அந்த நூலில் அவர் வாதிடுகிறார். தெரிதாவை வெறும் சொல்விளையாட்டுக்காரர் என்று ஒதுக்கியவர்கள் அந்த முன்னுரைப் பக்கங்களைப் படித்துவிட்டுப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எதிரே இருப்பது பொருளாக இல்லாமல் மனிதராக இருந்தால்?

இமானுவேல் லெவினாஸ் கேட்டது இதைத்தான். லித்துவேனியாவின் கௌனாஸில் 1906இல் பிறந்த யூதர். பிரெஞ்சுப் படைவீரராகப் பிடிபட்டு ஜெர்மன் போர்க்கைதி முகாமில் ஐந்தாண்டுகள் இருந்தார். அவருடைய பெற்றோரும் சகோதரர்களும் லித்துவேனியாவில் நாஜிகளால் கொல்லப்பட்டார்கள். 1961இல் அவர் வெளியிட்ட 'முழுமையும் முடிவின்மையும்' நூலின் மையச் சொல் 'முகம்'.

பொருள் என் முன்னால் நிற்கும்போது நான் அதைப் பார்க்கிறேன், அளக்கிறேன், பெயர் வைக்கிறேன். என் கைவசமாகிவிடுகிறது. முகம் அப்படி அகப்படுவதில்லை. அது என்னைப் பார்க்கிறது, என்னை விளிக்கிறது. கண்ணின் நிறத்தைக் கவனித்துக்கொண்டிருந்தால் நான் அந்த மனிதரோடு இல்லை என்பார் லெவினாஸ். நான் அவரைப் பற்றி வைத்திருக்கும் எந்த எண்ணத்தையும் மீறித்தான் அவர் எதிரே இருக்கிறார். 'கொல்லாதே' என்பது அந்த முகம் வாய் திறக்காமலே சொல்வது.

இப்போது நம் இலக்கணத்துக்கு வாருங்கள். ஒருவரைப் பற்றிப் பேசும்போது அவர் படர்க்கை. அவரிடம் பேசும்போது அவர் முன்னிலை. அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும், 'இவர் சாப்பிட்டாரா?' என்று நான் இன்னொருவரிடம் கேட்டால் அந்த நொடியில் அவர் படர்க்கைக்குத் தள்ளப்பட்டுவிடுகிறார். மருத்துவமனைகளில் வயதான நோயாளிகளுக்கு இது தினமும் நடக்கிறது. உடல் கட்டிலில் இருக்கிறது, பேச்சில் அவர் இல்லை. தூரத்தை அளந்து முன்னிலையைக் கண்டுபிடிக்க முடியாது, யாரை விளிக்கிறோம் என்பதில்தான் அது இருக்கிறது. லெவினாஸ் இதை விளக்கப் பல பக்கங்கள் எடுத்துக்கொள்கிறார். நன்னூலைப் படித்த ஒருவருக்கு அந்தச் சொல்லே பாதி வழி கொண்டுபோய் விட்டுவிடும்.

தெரிதாவுக்குப் பிறகு இந்தப் பேச்சு ஓய்ந்துவிட்டதா?

ஓயவில்லை. விமர்சனம் வேறு, தாகம் வேறு. முழுமையான முன்னிலை கிடைக்காது என்று நிரூபித்த பிறகும், ஒரு குரல் உடம்பைச் சிலிர்க்க வைப்பது நிற்கவில்லை. அதை என்ன செய்வது என்று இருவர் கேட்டார்கள்.

ஒருவர் ழான்-லுக் நான்சி. தெரிதாவின் நெருங்கிய நண்பர், 2021இல் மறைந்தார். முன்னிலை என்பதை ஒரு நிலையாகப் பார்க்காமல் ஒரு வருகையாகப் பார்க்கச் சொன்னார். வந்து முடிந்துவிடாத வருகை. 1996இல் எழுதிய நூலில் இன்னொரு படி போகிறார்: தனியாக இருந்துவிட்டுப் பிறகு சேர்பவர்கள் இல்லை நாம், இருத்தல் என்பதே 'உடன்' இருத்தல்தான். (தமிழில் 'உடன்' என்றால் கூட, 'உடனே' என்றால் இந்தக் கணமே. இதை நான்சி அறிந்திருந்தால் மகிழ்ந்திருப்பார் என்று நினைப்பேன்.) 1990களின் தொடக்கத்தில் அவருக்கு இதய மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. அதைப் பற்றி 2000இல் 'ஊடுருவி வந்தவன்' என்ற சிறு நூலை எழுதினார். என்னை உயிரோடு வைத்திருப்பது இன்னொருவரின் இதயம், அதை என் உடல் ஏற்காமல் தள்ளுகிறது, தள்ளாமலிருக்க மருந்து, அந்த மருந்தால் புற்றுநோய். எனக்கு நான் முன்னிலை என்று அவர் எப்படிச் சொல்வார்? வாதமாகப் படித்த விஷயத்தை ஒரு மனிதர் தன் நெஞ்சுக்கூட்டிலிருந்து எழுதியதைப் படித்த இரவு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

இன்னொருவர் ஹான்ஸ் உல்ரிச் கும்பிரெக்ட், ஸ்டான்ஃபோர்டில் பணியாற்றிய ஜெர்மானிய இலக்கிய ஆய்வாளர். அவருடைய 2004ஆம் ஆண்டு நூல், கலையை எப்போதும் 'இதற்கு என்ன அர்த்தம்?' என்று மட்டுமே அணுகுவதைக் குறை கூறுகிறது. அவருக்கு முன்னிலை என்பது காலத்தைவிட இடத்தைச் சார்ந்தது. கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பது, உடலைத் தொடுவது. அவர் எடுத்துக்கொள்ளும் முக்கிய உதாரணம் நற்கருணை, அதாவது தேவாலய வழிபாட்டில் அப்பம் பகிரும் சடங்கு. இடைக்காலக் கத்தோலிக்கருக்கு அப்பம் கிறிஸ்துவின் உடலாகவே அங்கே இருந்தது. புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்துக்குப் பின் பல சபைகளில் 'இது என் உடல்' என்பது 'இது என் உடலைக் குறிக்கிறது' என்றானது. 1529இல் ஜெர்மனியின் மார்பர்க் நகரில் சீர்திருத்தத் தலைவர்கள் லூதரும் ஸ்விங்லியும் சந்தித்தபோது இந்த ஒரு வினைச்சொல்லில்தான் ஒப்பந்தம் முறிந்தது. லூதர் மேசைமேல் சுண்ணக்கட்டியால் 'இது என் உடல்' என்று லத்தீனில் எழுதிவைத்துக்கொண்டு அசைய மறுத்தார் என்று பதிவுகள் சொல்கின்றன. இருக்கிறதா, குறிக்கிறதா? ஐரோப்பாவில் இந்தக் கேள்விக்காக மனிதர்கள் உயிரையும் கொடுத்திருக்கிறார்கள்.

கும்பிரெக்ட் அர்த்தத்தை ஒழிக்கச் சொல்லவில்லை. அர்த்தமும் முன்னிலையும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருக்கின்றன என்கிறார். நிகழ்த்துகலைக் கலைஞர் மெரினா அப்ரமோவிச் 2010இல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் மார்ச் முதல் மே முடிய எழுநூறு மணி நேரத்துக்கும் மேல் ஒரு நாற்காலியில் பேசாமல் உட்கார்ந்திருந்தார். எதிர் நாற்காலியில் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். பலர் அழுதார்கள். அதற்கு 'அர்த்தம்' எழுத முயன்ற கட்டுரைகளைவிட அந்தக் கண்ணீர் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

காணொலி அழைப்பில் பார்த்துப் பேசுவது முன்னிலையா?

என் சித்தப்பா 2020இல் இறந்தார். போக முடியாத காலம். இறுதிச் சடங்கைப் போனில் பார்த்தேன். முகம் தெரிந்தது, அழுகை கேட்டது, யாரோ போனைப் பிடித்துக்கொண்டு எனக்காக இடம் மாற்றி மாற்றிக் காட்டினார்கள். வாய்க்கரிசி போடும் நேரம் வந்தது. வரிசையில் ஒவ்வொருவராக வந்து போட்டார்கள். என் முறை வந்தபோது என் கையில் போன் இருந்தது.

தெரிதா வழியில் யோசித்தால், நேரில் போயிருந்தாலும் 'முழு' முன்னிலை கிடைத்திருக்காது. சித்தப்பா அங்கே இருந்தாரா என்ன? திரையை மட்டும் குறைபட்டது என்று சொல்வதும் சரியில்லை. நான் அந்த அழைப்பில் வெறுமனே 'இல்லாமல்' இருக்கவில்லை, சித்தி என்னிடம் பேசினார், அவருக்கு நான் முன்னிலையாகத்தான் இருந்தேன். ஆனால் கும்பிரெக்ட் சொல்லும் கைக்கு எட்டும் தூரம் என்ன என்பதை அன்றைக்கு என் கை தெரிந்துகொண்டது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க எனக்கு மனம் வரவில்லை. காணொலியில் முன்னிலை உண்டு, எல்லா முன்னிலையும் இல்லை.

'இந்தக் கணத்தில் வாழுங்கள்' என்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

ஒன்றில்லை. அந்த அறிவுரை, தூய்மையான 'இப்போது' ஒன்று இருக்கிறது, நாம்தான் தவறவிடுகிறோம் என்று எடுத்துக்கொள்கிறது. ஹூசர்ல் முதல் தெரிதா வரை எல்லோரும் சந்தேகப்பட்டது அந்தத் தூய்மையைத்தான். மன அமைதிக்கு அது உதவினால் நல்லது. இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஹைடெக்கர் நாஜி கட்சியில் இருந்தவர். அவரை ஏன் படிக்க வேண்டும்?

1933 மே மாதம் கட்சியில் சேர்ந்தார், ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்பில் ஓராண்டு இருந்தார். 2014 முதல் வெளிவந்த அவருடைய 'கருப்பு நோட்டுகள்' யூத வெறுப்பு வெறும் பதவிக்கான வேடம் இல்லை என்பதைக் காட்டின. யாராவது இதனால் அவரைப் படிக்க மறுத்தால் நான் வாதாடமாட்டேன். நான் படிக்கிறேன், ஏனென்றால் லெவினாஸும் தெரிதாவும், அதாவது அந்த வெறுப்பின் கொடுமையைச் சொந்தமாக அனுபவித்தவர்கள், அவரை வரிக்கு வரி படித்துத்தான் அவருக்கு எதிராகவும் எழுதினார்கள். ஆனால் அவரைப் படிக்கும் எவரும் இந்த உண்மையை அடிக்குறிப்புக்குள் ஒளித்துவைக்கக் கூடாது.

எங்கிருந்து தொடங்கலாம்?

ஹைடெக்கரிலிருந்து வேண்டாம். பிளேட்டோவின் 'பைத்ரஸ்' கடைசிப் பகுதி இருபது பக்கம்கூட வராது, அதைப் படியுங்கள். பிறகு சார்த்தரின் காபிக்கடைப் பக்கங்கள். அப்புறம் பார்த்தின் ஒளிப்பட நூல், அதைப் படிக்க எந்த முன்னறிவும் தேவையில்லை. தெரிதாவில் முதலில் 1968 உரை, ஒரே மூச்சில் புரியாது, பத்தி பத்தியாகச் சத்தமாகப் படிக்க வேண்டும், முடிந்தால் எதிரே ஒருவரை உட்காரவைத்துக்கொண்டு. எங்கள் கூட்டத்தில் அந்த உரைக்கு மட்டும் நான்கு மாதம் ஆனது. மூன்றாவது மாதம் ஒருவர் வரமுடியாமல் போனில் இணைந்தார். சிக்னல் விட்டுவிட்டு வந்தது. 'இருக்கீங்களா?' என்று நாங்களும், 'இருக்கேன், இருக்கேன்' என்று அவரும் அன்றைக்கு எத்தனை தடவை சொல்லிக்கொண்டோம் என்று கணக்கே இல்லை.